கேளுங்க சொல்றேன்: காசு போட்டா பாடுற பெட்டி

யூடியூப்ல எந்தப் படப் பாட்டைத் தேடினாலும் ‘ஆடியோ ஜூக்பாக்ஸ்’னு வருதே, நிஜமாவே ஜூக்பாக்ஸ்னு ஒண்ணு இருந்துச்சா சார்? யார் முதல்ல செஞ்சது?
– வாசகி, திண்டுக்கல்

இருந்துச்சாவா! ஒரு காலத்துல அமெரிக்காவுல அது இல்லாத சாப்பாட்டுக் கடையைத் தேடித்தாம்மா புடிக்கணும். ஆரம்பம் 1889 நவம்பர் 23, சான் ஃபிரான்சிஸ்கோவுல பலே ராயல்னு ஒரு மதுக்கடை. லூயி கிளாஸ், வில்லியம் அர்னால்டுன்னு ரெண்டு பேர் எடிசன் ஃபோனோகிராஃப் ஒண்ணை (பாட்டுப் பதிஞ்ச உருளையைச் சுத்த வச்சுப் பாட வைக்கிற மெஷின்) மரப்பெட்டிக்குள்ள வச்சு காசு போடுற ஓட்டையும் மாட்டி விட்டாங்க. ஸ்பீக்கர் எல்லாம் அப்ப ஏது, பெட்டியிலேர்ந்து நாலு குழாய் வெளிய வரும், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி காதுல சொருகிக்கணும். ஒரு குழாய்க்கு ஒரு நிக்கல், அதாவது 5 சென்ட், கூட வந்தவன் கேக்கணும்னா அவன் தனியா போடணும். பாட்டு உங்க இஷ்டமும் இல்ல, உள்ள எந்த உருளை இருக்கோ அதான். அதுக்கே முதல் ஆறு மாசத்துல 1000 டாலருக்கு மேல வசூல்னா பாத்துக்குங்க. அப்புறம் 1906ல சிகாகோவுல ஜான் கேபல் விட்ட மெஷின்ல 24 ரெக்கார்டு, புடிச்சதை நாமளே எடுத்துக்கலாம்.

1930கள்ல அமெரிக்காவே பஞ்சத்துல கெடந்துச்சாமே, அப்பப் போய் இது எப்படி வளந்துச்சு?
– கல்லூரி மாணவர், மதுரை

பஞ்சம்தான் தம்பி வளத்துவிட்டுச்சு. வீட்டுக்கு ரெக்கார்டு வாங்க வழியில்லாதவன் கையிலயும் ஒரு 5 சென்ட் இருந்துச்சு. 1927லயே ஏஎம்ஐ கம்பெனி மின்சார ஆம்ப்ளிஃபயர் வச்ச மெஷினைக் கொண்டு வந்துட்டதால கடை முழுக்கக் கேக்குற சத்தம் வந்தாச்சு, 1933ல மதுவிலக்கையும் எடுத்துட்டாங்க, திடீர்னு ஊரெல்லாம் பார், பேண்டு வாசிக்கிறவங்களுக்குக் கூலி குடுக்க முதலாளிகிட்ட காசில்ல, வை ஒரு ஜூக்பாக்ஸை. வுர்லிட்சர் கம்பெனி ஊமைப்பட தியேட்டருக்கு ஆர்கன் செஞ்சு பொழச்சவங்க, பேசும்படம் வந்து அந்தப் பொழப்பு போனதும் ஹோமர் கேப்ஹார்ட்னு ஒரு விற்பனைப் புலியைப் புடிச்சுப் போட்டு ஜூக்பாக்ஸ்ல இறங்கினாங்க (அந்தாளு பின்னாடி செனட்டரே ஆயிட்டார்). ரேடியோவுல இடம் கிடைக்காத கறுப்பினக் கலைஞர்களோட பாட்டெல்லாம் இந்தப் பெட்டி வழியாத்தான் பலர் காதுக்குப் போச்சு. ஆனா பாட்டு எழுதினவங்களுக்கு ராயல்டி? 1909 காப்புரிமைச் சட்டத்துல ஜூக்பாக்ஸுக்கு விலக்கு குடுத்துட்டாங்க, அது 1978 வரைக்கும் ஓடுச்சு. அநியாயம்னா இதான்.

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்கு. அந்தக் கால 78 ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற, ரெக்கார்டுக்கு முக்கியமான சரக்கே அரக்கு, அதுல பெரும்பங்கு இந்தியாவிலேர்ந்து போனது. ரெண்டாம் உலகப் போர் வந்ததும் 1942ல ரெக்கார்டுக்கு அரக்கு பயன்படுத்துறதை அமெரிக்க அரசு பாதிக்கு மேல வெட்டிடுச்சு, பழசை வாங்கி அரைச்சு புதுசு அடிச்சாங்க. ஜூக்பாக்ஸ் உற்பத்தியும் நின்னுது, ராக்-ஓலாங்கிற ஜூக்பாக்ஸ் கம்பெனி துப்பாக்கி செய்யப் போயிடுச்சு.

படத்துல எல்லாம் வளைவா, கலர் லைட்டு, குமிழி எல்லாம் ஓடுற பெட்டி காட்டுறாங்களே, அதுதான் இருக்குறதுலயே அபூர்வமானதா?
– வாசகர், திருநெல்வேலி

அது வுர்லிட்சர் 1015, பால் ஃபுல்லர் டிசைன், 1946ல வந்தது. அபூர்வம் எல்லாம் ஒண்ணும் இல்ல சார், 56,000க்கு மேல வித்த மாடல், அழகுக்குத்தான் அந்த மவுசு. உள்ள 24 ரெக்கார்டு தட்டுத் தட்டா அடுக்கியிருக்கும், நீங்க கேட்ட தட்டு மட்டும் வெளிய திரும்பும், கீழேர்ந்து டர்ன்டேபிள் மேல வந்து ரெக்கார்டைத் தூக்கிட்டுப் போய் முள்ளுல சேக்கும். பாக்க அவ்ளோ நல்லா இருக்கும், ஆனா ஒரு பக்கம் மட்டும்தான் பாடும்.

என்னைக் கேட்டா சரித்திரத்தை மாத்தினது சீபர்க் கம்பெனிதான். 1948ல அவங்க விட்ட எம்100ஏ மாடல், 50 ரெக்கார்டை வரிசையா நிக்க வச்சு, ஒரு வண்டி தண்டவாளத்துல ஓடிப் போய் எடுத்து, நின்ன வாக்குலயே ரெண்டு பக்கமும் பாட வைக்கும், மொத்தம் 100 பாட்டு, வுர்லிட்சர் அதோட பின்தங்கினதுதான். 1950ல அதையே 45 ஆர்பிஎம்முக்கு மாத்தி எம்100பி விட்டாங்க.

இன்னொண்ணு, 1980கள்ல அதே 1015 உருவத்துல புதுசா செஞ்சு வித்தாங்க, தப்பில்ல, ஆனா பழசுன்னு சொல்லி உங்க தலையில கட்டிடப் போறாங்க. மூடியைத் தெறந்து பாருங்க, உள்ள 10 இன்ச் 78 ரெக்கார்டுக்கான தட்டும் வால்வு ஆம்ப்பும் இருக்கணும். சின்ன 45 ரெக்கார்டோ சிடியோ ஓடுச்சுன்னா அது பழசு இல்ல.

மச்சான் அமெரிக்காவுலேர்ந்து 1950கள் சீபர்க் ஒண்ணு அனுப்புறேங்கிறார். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டா ஓடிடுமா?
– வாசகர், ஈரோடு

ஓடும், ஆனா பாட்டு அழும்! ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், அங்க கரண்ட் செகண்டுக்கு 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), இங்க 50, அந்த மோட்டார் சைக்கிளை நம்பி சுத்துறது, அதனால 45ல சுத்த வேண்டிய ரெக்கார்டு முப்பத்தேழரையில சுத்தும், ஹார்மோனியத்துல வெள்ளை கறுப்பு ரெண்டையும் எண்ணினா ஒரு மூணு ரீடு கீழ இறங்கிடும். மாடலுக்கு ஏத்த 50 சைக்கிள் பாகம் கிடைக்குதான்னு மச்சானை அங்கயே தேடச் சொல்லுங்க, இல்லன்னா 60 சைக்கிள் குடுக்குற கன்வர்ட்டர் போடணும்.

வந்து இறங்கின அன்னைக்கே ஆர்வத்துல பிளக்கைச் சொருகிடாதீங்க. எழுபது வருஷத்துப் பேப்பர் கன்டென்சர் உள்ள செத்துக் கெடக்கும், எலி ஒயரைக் கடிச்சிருக்கும், பழைய வால்வு ரேடியோ பாக்குற மெக்கானிக் யாராவது கிடைச்சா முதல்ல அவர்கிட்ட காட்டுங்க. நம்ம ஊரு ஈபி ரெக்கார்டைப் போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. ஜூக்பாக்ஸுக்கு நடுவுல ஒன்றரை இன்ச் ஓட்டை வேணும், நம்மளது பலதுல சின்ன ஓட்டைதான். பொருந்திச்சுன்னா லாபம் உங்களுக்கு, பக்கத்துக்கு ரெண்டு பாட்டு இருக்குற ஈபியில ஒரு காசுக்கு ரெண்டு பாட்டு.

அந்தக் குமிழிக் குழாய்க்குள்ள இருக்குறது தண்ணியா?
– பள்ளி மாணவி, தஞ்சாவூர்

தண்ணி இல்லம்மா. பெரும்பாலும் மெத்திலீன் குளோரைடுன்னு ஒரு கெமிக்கல், 40 டிகிரியிலயே கொதிச்சிடும், கீழ ஒரு குட்டி ஹீட்டர் வச்சா போதும், குமிழி கெளம்பிடும். விஷம்ங்கிறதால குழாய் ஒடைஞ்சா மோந்து பாக்காம ஜன்னலைத் தெறந்துட்டு வெளிய வந்துடணும். குமிழியே வரலன்னா குழாயைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அந்த ஹீட்டருக்குக் கரண்ட் போகுதான்னு அப்பாவைப் பாக்கச் சொல்லு.