போதையிலிருந்து மீள்பவர் பிள்ளைகளோடு தங்கும் இல்லத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேட்டவர் தன் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். சிகிச்சை முடிந்து வரப்போகிறாள், இரண்டு சின்னப் பிள்ளைகள், பழைய வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. பிள்ளைகளோடு தங்கவிடும் இல்லங்கள் சில இருக்கின்றன, எதைப் பார்த்து முடிவு செய்வது என்கிறார்.

போய் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவள் மறுபடி எடுத்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி பிள்ளைகள் எங்கே படுப்பார்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த இல்லத்தைப் பாருங்கள்.

இப்படிப்பட்ட இரண்டு இல்லங்களில் என் பிள்ளைகளோடு நான் இருந்திருக்கிறேன். முதுகில் அறுவை சிகிச்சை நடந்தபோது கொடுத்த ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை, வலி போன பிறகும் என்னை விடவில்லை. அப்போது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு.

முதல் இல்லம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பழக்கத்திலிருந்து மீள எனக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்திருந்த புப்ரனார்ஃபின் மாத்திரையை அங்கே அனுமதிக்கவில்லை. "அதுவும் போதைதானே" என்றார்கள். நானும் நம்பி நிறுத்தினேன். ஐந்தாவது வாரம் பழைய மாத்திரையிடம் போய் நின்றேன். கண்டுபிடித்த அன்றே வெளியேற்றிவிட்டார்கள். இரவு பதினொரு மணி. மகள் தோளில் தூங்குகிறாள், மகன் தன் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறான். தப்பு செய்தது நான், படுக்கை போனது அவர்களுக்கு.

எடுத்தால் வெளியே என்ற அந்த விதியைக் கண்மூடித்தனமாகத் திட்டவும் மாட்டேன். 1975-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் தொடங்கிய, போதையிலிருந்து மீள்பவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் வீடுகளில் வார்டன் கிடையாது. தங்குபவர்களே வாடகையைப் பங்கிட்டு, ஓட்டுப் போட்டு முடிவெடுத்து வீட்டை நடத்துகிறார்கள். மறுபடி குடித்தால், போதை எடுத்தால் வெளியே போக வேண்டும். 150 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளுக்குப் போனவர்களில் சுமார் 31 சதவீதம் பேர்தான் போதையைத் தொட்டிருந்தார்கள். வழக்கமான தொடர்சிகிச்சைக்குப் போனவர்களில் அது 65 சதவீதம். ஆக, கூடவே இருப்பவர்களைக் காக்க அந்தக் கண்டிப்பு தேவைதான். இதற்கு நேர் எதிராக, 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'முதலில் வீடு' முறை, போதையை விட்டால்தான் வீடு என்ற நிபந்தனையே வைக்கவில்லை. தெருவில் கிடந்த, மனநோயும் இருந்த தனி ஆட்களை மனதில் வைத்து உருவானது அது. குழந்தை இருக்கும் இடத்தில் இரண்டில் எதையும் அப்படியே பொருத்த முடியாது. அம்மா கொஞ்ச நாள் வெளியே போகலாம், பிள்ளையின் படுக்கை மட்டும் அசையக் கூடாது.

இரண்டாவது இல்லத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன். அங்கேயும் ஒருமுறை சறுக்கினேன். என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், ஆறு நாள். பிள்ளைகள் அதே அறையில், அதே போர்வையில். ராத்திரி டியூட்டி பார்க்கும் அக்கா அவர்களோடு தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோது யாரும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் இரண்டு மாதம் தனியாக வெளியே விடவில்லை. அப்போது கோபம் வந்தது, இப்போது இல்லை.

அங்கே மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. தினமும் காலையில் அவர்கள் கண்முன்னால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். கரைய எப்படியும் பத்து நிமிடம் ஆகும், பேசக் கூடாது. என் மகளும் எதிரே உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொள்வாள், யார் முதலில் பேசுகிறார்கள் என்று போட்டி. எப்போதும் அவள்தான் தோற்பாள். புப்ரனார்ஃபினும், அதே மாதிரி சிகிச்சைக்குக் கொடுக்கும் மெத்தடோனும் ஓபியாய்டுப் பழக்கம் உள்ளவர்களின் சாவைக் குறைக்கின்றன. இவற்றை எடுக்க விடாத இடத்துக்குத் தங்கையை அனுப்பாதீர்கள். கொஞ்ச நாள் விட்டிருந்து பழைய அளவையே மறுபடி எடுப்பவர்களுக்கு மூச்சு நின்றுபோகலாம், ஏனென்றால் உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். அதனால் அப்படி மூச்சு அடங்கும்போது காப்பாற்றக் கொடுக்கும் நலாக்ஸோன் மருந்து இருக்கிறதா, ராத்திரியில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள்.

தங்கையின் பிரச்சினை குடி என்றால் வேறு கதை. பல காலம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் மனக்குழப்பமும் நடுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்தை மருத்துவமனையில் கடந்துவிட்டுத்தான் இல்லத்துக்கு வர வேண்டும். "இங்கேயே நிறுத்திவிடலாம், டாக்டர் வேண்டாம்" என்று சொல்லும் இல்லம் எனக்குப் பயம் தருகிறது.

வீட்டில் அடிதடி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால், கணவரையும் சேர்த்துத் தங்கவைக்கும் இடம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பிள்ளைகள். பல இல்லங்களில் அவர்கள் அம்மாவோடு வந்த சாமான் மாதிரி. அவர்களுக்கென்று தனியாகப் பேச ஒருவர் இருக்கிறாரா, பள்ளிக்குப் போவது தடைப்படாதா என்று பாருங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-ல் தொடங்கியது, பதின்வயதினருக்கான அலட்டீன் 1957-ல். இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. உங்களுக்கும் அது உதவும், அக்கா என்ற முறையில் நீங்களும் களைத்துத்தான் போயிருப்பீர்கள்.

கேட்டுக்கு வெளியே நின்ற அந்த இரவுக்குப் பிறகு என் மகன் பள்ளிப் பையைப் பிரிக்கவே மாட்டான். சட்டை, பல் துலக்கும் பிரஷ், தங்கச்சியின் பொம்மை எல்லாம் அதற்குள்தான். ராத்திரி கதவோரம் வைத்துவிட்டுத்தான் படுப்பான். நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி ஏழெட்டு வாரம் இருக்கும். ஒருநாள் மாலை கட்டில் முழுக்க நோட்டும் சட்டையும் பொம்மையும் இறைந்து கிடந்தன, பை காலியாகக் கீழே கிடந்தது. அந்த ராத்திரி டியூட்டி அக்கா எடுத்துவைக்கச் சொன்னார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாளைக்கு எடுக்கிறேன்" என்றான்.