சொந்த யோசனைக்கு மட்டும் ஏன் பாஸ் மார்க்?

கேள்வி: அடுத்தவர் ஒரு யோசனை சொன்னால் ஓட்டை எங்கே என்று உடனே தெரிந்துவிடுகிறது. என் யோசனையில் மட்டும் தெரிவதே இல்லையே, ஏன்? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்களுக்கு மட்டுமா? போன வருடம் மாடிப்படிக்கு அடியில் ஃப்ரிட்ஜை வைக்கலாம் என்று டேப்பும் கையுமாக மூன்று தடவை அளந்தேன். உயரம் சரி, அகலம் சரி, பின்னால் காற்றுக்கு நாலு விரல் இடம்கூட இருந்தது. காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்த மனைவி, "கதவைத் திறந்தா சுவத்துல இடிக்காதா?" என்றாள். நான் அளந்தது ஃப்ரிட்ஜ் உள்ளே போகுமா என்பதை மட்டும்தான்.

லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட சோதனை இதேதான். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலரும் 8, 10, 12 என்று இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டே போனார்கள், ஒவ்வொன்றுக்கும் "பொருந்துகிறது" என்று பதில் வர, அதுதான் விதி என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் எண்கள் ஏறுவரிசையில் இருந்தாலே போதும். 1, 2, 3 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். தப்பே சொல்லாமல் விடையைப் பிடித்தவர்கள் 29 பேரில் 6 பேர்.

2016-ல் ட்ரூஷ், மெர்சியே முதலான ஆய்வாளர்கள் செய்தது இன்னும் குறும்பு. பழக்கடையை வைத்துச் சில தர்க்கப் புதிர்கள் கொடுத்து, விடைக்கு எழுதிய காரணத்தையும் வாங்கிக்கொண்டு, பிறகு அவரவர் எழுதியதையே "இது வேறொருவர் எழுதியது" என்று நீட்டினார்கள். மாற்றிக் கொடுத்ததைக் கவனிக்காதவர்களில் பாதிக்கு மேல் தங்கள் காரணத்தையே செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்! அதிலும் தப்பான காரணங்கள்தான் அதிகம் அடிபட்டன. ஆக, சோதிக்கும் புத்தி நம்மிடம் இருக்கிறது, சொந்தச் சரக்கு என்றால் சோம்பேறியாகிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் நாலு பேரிடம் கேட்டுவிட வேண்டியதுதானா? (அதே வாசகி)

பதில்: கேட்கலாம், ஆனால் "என் யோசனை எப்படி?" என்றால் "நல்லா இருக்கே" என்றுதான் வரும். "தெரிந்தவர் ஒருவர் செய்யப்போகிறாராம்" என்று சொல்லிப் பாருங்கள், பிரித்து மேய்ந்துவிடுவார்கள். போன மாதம் நண்பர் ஒருவர் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் காளான் வளர்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். "மே மாசம் காளான் வெந்துடும்" என்ற மனைவி, கொஞ்சம் நிறுத்தி, "தகரத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா?" என்றாள்.