சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறதா?

கேள்வி: எண்ம நிலையை (வெளிக்கூட்டில் 8 எலக்ட்ரான்கள்) அடைவதற்காகச் சோடியம் தானாகவே ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்று படித்தோம். அப்படியானால் அதன் அயனியாக்கும் ஆற்றல் நேர்க்குறியில் இருப்பது ஏன்?

பதில்:

தானாகக் கொடுப்பதில்லை, ஆற்றலைச் செலவிட்டுப் பிடுங்க வேண்டியிருக்கிறது. வாயு நிலையில் ஒரு மோல் சோடியம் அணுக்களிலிருந்து தலா ஒரு எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோஜூல் வேண்டும். குளோரின் அணுக்கள் அவற்றை ஏற்கும்போது 349 கிலோஜூல்தான் வெளிவரும். இரண்டு அயனிகளுக்கும் எண்ம அமைப்பு கிடைத்துவிட்டது. ஆனாலும் கணக்கில் 147 கிலோஜூல் நட்டம்.

அதை ஈடுகட்டுவது கூலூம் ஈர்ப்பு, அதாவது எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுப்பது. நீங்களே போட்டுப் பாருங்கள். வாயு நிலைச் சோடியம் குளோரைடு மூலக்கூறில் அணுக்கருக்களுக்கு இடையே 236 பிகோமீட்டர். எலக்ட்ரானின் மின்சுமை 1.602 × 10⁻¹⁹ கூலூம். இதை வர்க்கப்படுத்தி, கூலூம் மாறிலியான 8.99 × 10⁹ ஆல் பெருக்கி, 236 × 10⁻¹² ஆல் வகுத்தால் 9.78 × 10⁻¹⁹ ஜூல். அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் மோலுக்கு 589 கிலோஜூல். நட்டம் போக மிச்சம் 442. எலக்ட்ரான் கூடுகள் நெருங்குவதால் வரும் விலக்கம் இதில் கொஞ்சம் தின்றுவிடும்.

மாணவர்கள் இங்கே வழக்கமாகத் தவறுவது, தூரத்தையும் வர்க்கப்படுத்துவதில். அப்படிச் செய்தால் கிடைப்பது விசை, ஆற்றல் அல்ல. பிகோமீட்டரை மீட்டராக மாற்ற மறப்பது அடுத்த தவறு.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ஈர்ப்பு 147 கிலோஜூலைத் தொடுவது சுமார் 945 பிகோமீட்டரில். அதைவிடத் தள்ளியிருக்கும்வரை எலக்ட்ரான் கைமாறுவதில் ஆதாயமே இல்லை. எண்ம விதியால் இந்த எல்லையைச் சொல்லவே முடியாது.

படிகத்தில் ஆதாயம் இன்னும் பெரிது. தூரம் 282 பிகோமீட்டராகக் கூடினாலும், ஒவ்வொரு அயனியையும் எதிர்மின்சுமை கொண்ட 6 அயனிகள் நெருங்கிச் சூழ்ந்திருக்கின்றன. அடுத்த சுற்றில் உள்ள 12 ஒத்த அயனிகள் விலக்குகின்றன. இப்படி எல்லாச் சுற்றுகளையும் கூட்டிக் கழித்தால், தனி இணையின் ஈர்ப்பைப் போல 1.748 மடங்கு வரும். விலக்கம் போக, வாயு நிலை அயனிகள் படிகமாகச் சேரும்போது வெளிவரும் ஆற்றல், அதாவது படிகக்கூடு ஆற்றல், மோலுக்கு 787 கிலோஜூல்.

சரி, ஏன் ஒரு எலக்ட்ரானோடு நிற்கிறது? உள் எலக்ட்ரான்கள் அணுக்கருவை எவ்வளவு மறைக்கின்றன என்று மதிப்பிடும் ஸ்லேட்டர் விதிகளின்படி, சோடியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரான் உணரும் செயலுறு அணுக்கரு மின்சுமை 2.2 மட்டுமே, உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள் மறைத்துவிடுகின்றன. அடுத்த எலக்ட்ரான் இரண்டாம் கூட்டில், அணுக்கருவுக்கு அருகில் இருக்கிறது. அது உணர்வது 6.85. அதைப் பிரிக்க 4562 கிலோஜூல் தேவை. படிகத்தால் அவ்வளவைத் திருப்பித் தர முடியாது. எனவே எண்ம அமைப்பு இந்த வரவு செலவின் விளைவு. தேர்வில் அதையே காரணமாக எழுதாதீர்கள்.

மெக்னீசியத்துக்கும் இதே கணக்குத்தான். முதல் இரண்டு எலக்ட்ரான்களுக்கு 738, 1451 கிலோஜூல். ஆக்சைடில் இரு பக்கமும் மின்சுமை இரட்டிப்பதால் ஈர்ப்பு நான்கு மடங்கு, தூரமும் 211 பிகோமீட்டராகச் சுருங்குகிறது. அதனால்தான் உப்பு 801 டிகிரி செல்சியசில் உருக, மெக்னீசியம் ஆக்சைடு உருக 2852 டிகிரி வேண்டியிருக்கிறது. மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7733 கிலோஜூல். அந்தச் செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டுவதில்லை.