காதால் வந்த சொல், கண்ணால் வந்த சொல்

ஆங்கிலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆங்கிலம் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் கூட்டத்தில் 'கடன்' என்பதற்கான சொல்லை 'டெப்ட்' என்று சொன்னேன். சிரித்துவிட்டார்கள். எழுத்து இருக்கும்போது அதை ஏன் உச்சரிக்கக் கூடாது?

பதில்: சிரித்தவர்களை விடுங்கள் அம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வகுப்பு முழுவதற்கும் 'டெப்ட்' என்று சொல்லிக்கொடுத்தவன் நான். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அகராதியைத் தூக்கி வந்து என் மேசைமேல் விரித்து வைத்தான். வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து அகராதியைப் புரட்டாமல் நான் வகுப்புக்குப் போனதில்லை.

சரியான உச்சரிப்பு 'டெட்'. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னால் செருகினார்கள். தாளில் ஏறிய எழுத்து நாக்கில் ஏறவில்லை. 'டவுட்' சொல்லிலும் இதே போல ஒரு 'பி' ஒளிந்திருக்கிறது. அதை நம்மில் யாராவது 'டவுப்ட்' என்கிறோமா? இல்லை. அது காதால் வந்த சொல். 'டெட்' நமக்குக் கண்ணால் வந்த சொல். உங்கள் தவறு அவ்வளவுதான்.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் உறைந்துபோனது. ஆனால் நெடில் ஒலிகள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் மாறிக்கொண்டே இருந்தன. அந்த இடைவெளியில்தான் நாம் இன்று தடுக்கி விழுகிறோம்.

கேள்வி: ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாக, நிறுத்தித்தான் சொல்கிறேன். இருந்தும் வெளிநாட்டுக்காரர்கள் "மறுபடி சொல்லுங்கள்" என்கிறார்கள்.

பதில்: தெளிவாகச் சொல்வதுதான் இங்கே வம்பு! 'பசு', 'காசு' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் இருப்பது அதே 'சு'. 'பசு'வில் உகரம் முழுதாக ஒரு மாத்திரை ஒலிக்கிறது. 'காசு'வில் அரை மாத்திரையாகக் குறுகிவிடுகிறது. பள்ளியில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்து மறந்தோமே, அதேதான். ஆங்கிலத்தில் உகரம் மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா உயிர்களும் இப்படிக் குறுகும். காரணம்தான் வேறு: அங்கே அழுத்தம் விழாத அசை தன் உருவத்தை இழந்து, வாயைப் பாதி திறந்து சொல்லும் மங்கலான 'அ' போல ஆகிவிடுகிறது.

'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில்: ஃபோ-ட-கிராஃப். கடைசியில் ஓர் அசை கூடியதும் அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்கிறது: ஃப-டா-க்ர-ஃபி. சற்று முன் கம்பீரமாக நின்ற 'ஃபோ' இப்போது வெறும் 'ஃப'. நாமோ இரண்டிலும் எல்லா அசைகளையும் சம எடையில், முத்து முத்தாக உதிர்க்கிறோம். கேட்பவர் காது அழுத்தத்தைத் தேடி ஏமாந்து போகிறது.

அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். மேலே சிறிய செங்குத்துக் கோடு இருந்தால், அதையடுத்த அசையில்தான் அழுத்தம். கவிழ்த்துப் போட்ட ஆங்கில 'e' எழுத்து (ə) தெரிந்தால் அங்கே குரலைத் தளர்த்துங்கள். இந்த இரண்டு குறிகள் போதும், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'யூனிவர்சிட்டி' உயிரெழுத்தில்தானே தொடங்குகிறது? அதற்கு முன் 'ஆன்' ஏன் வருவதில்லை?

பதில்: எழுத்தில் உயிர், ஒலியில் 'யூ'. அது தொடங்குவது 'ய்' என்னும் மெய்யொலியில். ஆகவே 'எ யூனிவர்சிட்டி'. 'அவர்' என்னும் மணிக்கணக்குச் சொல்லில் இதற்கு நேர்மாறு.

கேள்வி: "ஐ ஹேவ் சென்ட் த லெட்டர் எஸ்டர்டே" என்று எழுதினேன். மேலதிகாரி 'ஹேவ்' என்பதை அடித்துவிட்டார்.

பதில்: அடித்தது சரி. "நேற்றே அனுப்பியிருக்கிறேனே" என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம்; அந்தப் பழக்கத்தில் வந்த வாக்கியம் இது. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'ஹேவ்' வந்தால் பேச்சு இன்றைய நிலையைப் பற்றியது. 'எஸ்டர்டே' முடிந்துபோன நாள். இரண்டும் ஒரே வாக்கியத்தில் ஒத்துப்போகாது. ஒன்று 'எஸ்டர்டே'யை எடுங்கள், இல்லை 'ஹேவ்' என்பதை எடுங்கள். 'திஸ் வீக்' என்றால் தடையில்லை, வாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நாள்தோறும் 20 சொற்களைப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். பேசும்போது ஒன்றும் வாயில் வருவதில்லை.

பதில்: தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் 'அடி' என்றால் தாக்குவது என்று எழுதிவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, அரட்டை அடிக்கிறார்கள், கண்ணடிக்கிறான்... பாவம், என்ன செய்வார்? உங்கள் 20 சொற்களின் கதியும் அதுதான். நாம் மருந்து சாப்பிடுகிறோம். ஆங்கிலத்தில் மருந்தோடு சேரும் வினை 'டேக்'. 'ஈட்' போட்டால் புரியும், ஆனால் உறுத்தும். ஆகவே சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். 'டேக் மெடிசின்', 'மேக் எ மிஸ்டேக்' என்று ஜோடியாக எழுதுங்கள். 20 வேண்டாம், 4 ஜோடி போதும். எழுதியதை அன்றைக்கே யாரிடமாவது, ஆள் இல்லாவிட்டால் கண்ணாடியிடமாவது, உரக்கச் சொல்லிவிடுங்கள்.