நாற்காலிக்கு நான்கு கால் வேண்டுமா? சொல், கருத்து, பதம் பிரித்தறியும் வழி

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் இளங்கலை தத்துவம் படிக்கிறேன். மரபு அளவையியலின் (தருக்கவியலின்) முதல் பாடத்தில் வரும் சொல், கருத்து, பதம் மூன்றும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. வரையறை எழுதினால் மதிப்பெண் குறைகிறது. வாக்கியத்தைக் கொடுத்துப் பதங்களைப் பிரிக்கச் சொன்னாலும் தவறு வருகிறது. மனம் ஒரு கருத்தை உருவாக்கும்போது என்னதான் நடக்கிறது? சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நானே சோதித்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: மூன்றும் ஒன்றாகப் படுவதில் வியப்பில்லை. பேசும்போது மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டால் பிரிவது தெரியும்.

பள்ளி இலக்கணத்தில் நாற்காலி காரணப்பெயர்; நான்கு கால் இருப்பதால் வந்த பெயர். இப்போது அலுவலகத்துச் சுழல்நாற்காலியைப் பாருங்கள். நடுவில் ஒரே தண்டு, அடியில் ஐந்து சக்கரம். அதையும் நாற்காலி என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் நெருடுவதில்லை. கட்டிலுக்கு நான்கு கால், மேசைக்கு நான்கு கால், பசுவுக்கும் நான்கு கால். அவற்றை நாற்காலி என்பதில்லை. நான்கு கால் வைத்த முக்காலியும் கடையில் கிடைக்கிறது! சொல் தன் பிறப்பு அடையாளத்தோடு நின்றுவிட்டது. மனம் பிடித்து வைத்திருப்பதோ 'ஒருவர் முதுகு சாய்த்து உட்காரச் செய்த இருக்கை' என்பதை. முன்னது சொல், பின்னது கருத்து.

நம் மரபு இதை நன்றாகவே கவனித்திருக்கிறது. 'பங்கஜம்' என்றால் சேற்றில் பிறந்தது. ஆனால் சேற்றில் பிறக்கும் மற்றவற்றை விட்டுத் தாமரையை மட்டும் குறிக்கிறது. வடமொழித் தருக்கம் இதை யோகரூடி என்கிறது. நன்னூல் மரபில் இது காரண இடுகுறி. முள் உள்ளதால் முள்ளி, ஆனால் முள் உள்ளதெல்லாம் முள்ளி அல்ல. வரையறை கேட்டால் சொல்லைப் பிய்த்து வேர்ப்பொருள் எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், மதிப்பெண் போகும் முதல் ஓட்டை அதுதான்.

அடுத்து, மனத்தில் நடப்பது. மரபு அளவையியல் மனத்தின் செயல்களை மூன்றாக வைக்கிறது: ஒன்றை இன்னதென்று பற்றுதல், இரண்டு கருத்துகளைச் சேர்த்தோ பிரித்தோ தீர்ப்புச் சொல்லுதல், தீர்ப்புகளிலிருந்து இன்னொரு தீர்ப்புக்குப் போதல். முதல் செயலின் விளைவு கருத்து. கருத்து மெய்யும் அல்ல, பொய்யும் அல்ல. 'முயற்கொம்பு' என்று மட்டும் சொன்னால் நீங்கள் பொய் சொல்லவில்லை. 'முயலுக்குக் கொம்பு உண்டு' என்றால்தான் பொய். அரிஸ்டாட்டில் இதே இடத்தில் ஆடும் மானும் கலந்த கற்பனை விலங்கைக் காட்டுவார். 'உண்டு', 'இல்லை' சேரும்வரை அதில் மெய் பொய் இல்லை என்பார்.

பற்றுதல் படிப்படியாக நடக்கிறது என்பது தாமஸ் அக்வினாஸ் (1225–1274) வழிவந்த விளக்கம். முதலில் புலன்கள் இந்தப் பொருளை, இந்த இடத்தில், இந்த நிறத்தில் காட்டுகின்றன. பொருள் கண்ணைவிட்டுப் போன பிறகும் அதன் உருவம் மனத்தில் தங்குகிறது. தங்கிய உருவம் இன்னும் தனிப்பட்டதுதான்: உங்கள் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் அந்தப் பிரம்பு நாற்காலி, ஒரு கை உடைந்தது. பிறகு அறிவு வேலையைத் தொடங்குகிறது. பிரம்பா மரமா என்பதை விட்டுவிடுகிறது, நிறத்தை விட்டுவிடுகிறது, உடைந்த கையை விட்டுவிடுகிறது. எதை விட்டால் அது நாற்காலியாக இராதோ அதை மட்டும் நிறுத்திக்கொள்கிறது. இப்படிப் பிரித்தெடுத்ததுதான் கருத்து. பெயர் அதற்குப் பிறகு ஒட்டப்படுகிறது. ஆகவேதான் ஒரே கருத்துக்கு மொழிக்கு மொழி வேறு பெயர்.

பலர் இடறுவது உருவத்துக்கும் கருத்துக்கும் இடையில். ஒரு முக்கோணத்தை மனத்தில் வரையுங்கள். வரைந்தது செங்கோண முக்கோணமாகவோ சமபக்க முக்கோணமாகவோ ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். 'மூன்று நேர்க்கோடுகளால் அடைபட்ட தள உருவம்' என்ற கருத்தோ எல்லா முக்கோணத்துக்கும் பொருந்தும். பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த் 1641-இல் இன்னும் கூர்மையான சோதனை தந்தார். ஆயிரம் பக்கமுள்ள உருவம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெளிவாகப் புரியும். அதை மனத்தில் வரையப் பார்த்தால் 999 பக்கமுள்ளதிலிருந்து வித்தியாசமே தெரியாது. புரிவது கருத்து, மங்கலாகத் தெரிவது உருவம். உருவமற்ற பொதுக் கருத்து என்று ஒன்று உண்டா என்று பின்னால் பெர்க்லி மறுத்தார் என்பது உண்மை. அந்தச் சண்டை உங்கள் முதல் பாடத்துக்கு வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில மாணவர்கள் இந்த முதல் செயலை, இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபின் நிருவிகற்பக் காட்சியோடு ஒன்றாக்கி எழுதுகிறார்கள். அது பொருந்தாது. நிருவிகற்பம், பெயரும் அடைமொழியும் சேராத வெறும் காட்சி. 'இது பசு' என்று அடையோடு அறிவது சவிகற்பம். அது ஏற்கெனவே தீர்ப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரித்தெடுத்த கருத்து இரண்டுமல்ல. மணிமேகலையின் 27-ஆவது காதை, ஏதோ ஒரு பொருள் உண்டு என்று மட்டும் காண்பதைச் 'சுட்டுணர்வு' என்று பெயரிட்டு, அளவைக்கு (அறியும் வழிக்கு) வரும் எட்டுக் குற்றங்களில் ஒன்றாகவே வைக்கிறது. ஒப்பிடுங்கள், சமன் செய்யாதீர்கள்.

கருத்து எப்போது பதமாகிறது? ஓர் எடுப்பில், அதாவது மெய் பொய் சொல்லத்தக்க வாக்கியத்தில், எழுவாயாகவோ பயனிலையாகவோ வந்து நிற்கும்போது. ஆகவே பதம் என்பது வேலையின் பெயர். ஒரு பதம் ஒரு சொல்லாக இருக்க வேண்டியதில்லை. 'நேற்று மழையில் நனைந்து வந்த மாணவர்கள்' ஐந்து சொல், ஒரே பதம். மறுபுறம் 'எல்லா', 'சில', 'உம்', 'ஆகவே' போன்றவை தனித்து நின்று பதமாகா. இடைச்சொல் தனித்து இயங்காது என்று இலக்கணத்தில் படித்தது இங்கே கைகொடுக்கும்; ஆனால் 'எல்லா', 'சில' இலக்கணத்தில் இடைச்சொல் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். இலக்கணப் பாகுபாடும் அளவைப் பாகுபாடும் முழுக்கப் பொருந்துவதில்லை.

தமிழ் வாக்கியத்தில் பதம் பிரிக்கும்போது இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, 'ஆகும்' பெரும்பாலும் மறைந்திருக்கும். வினைமுற்று பயனிலையை விழுங்கியிருக்கும். 'சில மாணவர்கள் தாமதமாக வந்தார்கள்' என்பதை 'சில மாணவர்கள் தாமதமாக வந்தவர்கள் ஆவர்' என்று மாற்றுங்கள். வினைமுற்றை வினையாலணையும் பெயராக்கினால் பயனிலைப் பதம் தானாக வெளியே வரும். இந்த ஒரு பழக்கமே பாதித் தவறைக் குறைக்கும்.

இரண்டாவது, 'எல்லா'வும் எதிர்மறையும் சேர்ந்து வரும் வாக்கியம். 'எல்லாப் பறவைகளும் பறப்பதில்லை' என்றால் சில பறப்பதில்லை என்றா, ஒன்றுமே பறப்பதில்லை என்றா? பேச்சில் சூழல் பார்த்துப் புரிந்துகொள்வோம். அளவையியலில் அப்படி விட முடியாது. 'சில பறவைகள் பறப்பவை அல்ல' அல்லது 'எந்தப் பறவையும் பறப்பது அன்று' என்று ஒன்றாக எழுதிவிட வேண்டும். முன்னதில் எழுவாய்ப் பதம் வியாப்தி (அது குறிக்கும் எல்லாவற்றையும் தழுவுதல்) அடையவில்லை, பின்னதில் அடைகிறது, முடிவே மாறிவிடும்.

கருத்துக்கு இரண்டு அளவு உண்டு. அதற்குள் அடங்கிய பண்புகள் உட்பொருள். அது செல்லும் பொருள்கள் பரப்பு. உங்கள் பாடநூல் வேறு கலைச்சொல் தரலாம், விஷயம் ஒன்றுதான். 1662-இல் அர்னோவும் நிக்கோலும் எழுதிய போர்-ரோயால் அளவை நூல் இந்தப் பிரிவைத் தெளிவாக நிறுத்தியது. உட்பொருள் கூடினால் பரப்பு குறையும். 1 முதல் 20 வரையுள்ள எண்களில் இரட்டை எண்கள் 10. '4-ஆல் வகுபடும்' என்ற பண்பைச் சேர்த்தால் 5. '8-ஆல் வகுபடும்' என்றால் 2 மட்டும்.

இந்த விதியைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். 'மூன்று பக்கமும் சமமான முக்கோணம்' என்பதோடு 'மூன்று கோணமும் சமமான' என்று சேர்த்துப் பாருங்கள். பரப்பு அணுவளவும் குறையாது. சேர்த்த பண்பு முன்னதிலிருந்தே பின்தொடர்வது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால்தான் விதி செல்லும். அதேபோல் இன்று ஊரில் பத்துக் கன்று பிறந்தால் 'பசு' என்ற கருத்தின் உட்பொருள் தேய்ந்துவிடாது. பரப்பு என்பது இருந்தவை, இருப்பவை, வரப்போகிறவை எல்லாம் சேர்ந்தது. கால்நடைக் கணக்கெடுப்போடு அதைக் குழப்ப வேண்டாம்.

உட்பொருளைச் சரியாகச் சொல்வதுதான் வரையறை. 3-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி போர்பிரி வகுத்த வழியில், பொருளுக்கு மேலே உள்ள அடுத்த பேரினத்தைச் சொல்லி, அந்த இனத்தில் மற்றவற்றிலிருந்து இதைப் பிரிக்கும் வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும். மனிதனுக்கு விலங்கு பேரினம், பகுத்தறிவு வேறுபாடு. 'மனிதன் பகுத்தறிவுள்ள பொருள்' என்று எழுதினால் இடையில் இரண்டு மூன்று படி தாவிவிட்டீர்கள். 'மனிதன் சிரிக்கத் தெரிந்த விலங்கு' என்றால் எல்லா மனிதருக்கும் பொருந்தும், மனிதருக்கு மட்டுமே பொருந்தும்; இருந்தும் வரையறை ஆகாது. சிரிப்பு அவனுடைய இயல்பிலிருந்து பின்தொடரும் உடைமை என்பது மரபின் கணக்கு.

எழுதிய வரையறையைச் சோதிக்க நம் தருக்க மரபின் மூன்று குற்றம் போதும். என் கணிப்பில் மேலைக் கையேடுகளின் நீண்ட விதிப்பட்டியலைவிட இதுவே கைக்கு அடக்கமானது. பசுவை வரையறுக்கிறீர்கள் என்று வையுங்கள். 'கபில நிறமுள்ளது' என்றால் வெள்ளைப் பசுவும் கறுப்புப் பசுவும் வெளியே போய்விடும், அது அவ்வியாப்தி. 'கொம்புள்ளது' என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடும், அது அதிவியாப்தி. 'ஒற்றைக் குளம்புள்ளது' என்றால் ஒரு பசுவும் தேறாது, ஏனெனில் பசுவுக்குப் பிளவுபட்ட குளம்பு, அது அசம்பவம். தருக்க நூலார் கடைசியில் நிறுத்தியது அலைதாடியை, கழுத்தின் கீழே தொங்கும் அந்தத் தோல்மடிப்பை. நாற்காலிக்கு 'நான்கு கால் உள்ளது' என்று எழுதியவருக்கு இப்போது தெரிந்திருக்கும்: சுழல்நாற்காலி வெளியே, கட்டில் உள்ளே. ஒரே வரியில் இரண்டு குற்றம்.

கடைசியாக, ஒரே சொல் வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு ஒன்றைக் குறித்து நிற்கும். 'மனிதன் வந்தான்' என்பதில் ஒரு ஆள். 'மனிதன் ஒரு சிற்றினம்' என்பதில் பொதுக் கருத்து. "'மனிதன்' நான்கெழுத்து" என்பதில் சொல்லே. இடைக்கால ஐரோப்பிய அளவையியலார் இதற்கென்று தனிக் கோட்பாடே கட்டினார்கள். காரணம் உண்டு: 'சாக்ரடீஸ் மனிதன், மனிதன் ஒரு சிற்றினம், ஆகவே சாக்ரடீஸ் ஒரு சிற்றினம்' என்ற வாதம் பார்வைக்கு ஒழுங்காக நிற்கிறது. நடுப்பதம், அதாவது முடிவில் வராமல் முதல் இரண்டு கூற்றையும் இணைக்கும் 'மனிதன்', அந்த இரண்டு எடுகூற்றிலும் ஒன்றையே குறிக்கவில்லை; எண்ணினால் மூன்று பதத்துக்குப் பதில் நான்கு. இது நாற்பதப் போலி.

அந்த உதாரணத்தில் யாரும் ஏமாறமாட்டார்கள். இதில் ஏமாறுவார்கள்: 'விதி ஒவ்வொன்றுக்கும் அதை இயற்றியவர் உண்டு, புவியீர்ப்பு ஒரு விதி, ஆகவே அதை இயற்றியவர் உண்டு.' முடிவு சரியா தவறா என்பது இப்போது கேள்வி அல்ல. சட்டமன்றம் இயற்றும் விதி மீறக்கூடிய கட்டளை. புவியீர்ப்பு விதி, பொருள்கள் நடந்துகொள்ளும் முறையின் விவரிப்பு. சொல் ஒன்று, கருத்து இரண்டு, ஆகவே இந்த வாதத்தால் அந்த முடிவு கிடைக்காது. சந்தேகம் வந்தால் நடுப்பதம் வரும் இரண்டு இடத்திலும் சொல்லை எடுத்துவிட்டு அதன் வரையறையை வைத்துப் படியுங்கள். ஒரே வரையறை இரண்டிலும் ஒட்டவில்லையென்றால் போலி பிடிபட்டது.

பழக ஒரு வாக்கியம்: 'கடைசி வரிசையில் உட்காரும் மாணவர்கள் எல்லாரும் தூங்குவதில்லை.' எழுவாய்ப் பதம் 'கடைசி வரிசையில் உட்காரும் மாணவர்கள்', நான்கு சொல். பயனிலைப் பதம் 'தூங்குபவர்கள்'. 'எல்லாரும்' அளவைக் காட்டுகிறது, 'இல்லை' எதிர்மறையைக் காட்டுகிறது. இரண்டும் பதத்தில் சேரா. சிலர் விழித்திருக்கிறார்கள் என்று பொருள் கொண்டால் 'சில கடைசி வரிசை மாணவர்கள் தூங்குபவர்கள் அல்லர்' என்று எழுதுங்கள். அதில் வியாப்தி அடைவது பயனிலைப் பதம் மட்டும்.