பூக்கிறது, ஏன் காய்க்கவில்லை? – தோட்டம் கேள்வி பதில்

கேள்வி: ரொறன்ரோவில் வீட்டு வேலியோரம் கிவிபெரி (தோலோடு தின்னும் சின்னக் கிவிப்பழம்) கொடி நட்டு ஐந்து வருடம். காடுபோலப் படர்ந்திருக்கிறது. சில வருடம் பூவே இல்லை; இந்த யூனில் பூத்தும் ஒரு காய்கூட நிற்கவில்லை. (சொந்த இடம் புதுக்குடியிருப்பு)

பதில்: முதலில் பூவைக் கிட்டப் பாருங்கள். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூவின் நடுவே வெள்ளை இழைகள் நட்சத்திரம்போல் விரிந்திருந்தால் பெண். அவை இல்லாமல் கரிய மகரந்தக்கூடுகள் மட்டும் நிறைந்திருந்தால் ஆண். பெண் பூவிலும் மகரந்தக்கூடு இருக்கும், ஆனால் அந்த மகரந்தம் மலடு. பலர் ஏமாறுவது இங்கேதான். ஆறு முதல் எட்டுப் பெண் கொடிகளுக்கு ஓர் ஆண் போதும். இரண்டும் ஒரே நாட்களில் பூக்க வேண்டும். நாற்று வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். ‘இசாய்’ இனம் தனியாகவே காய்க்கும். அதற்கும் பக்கத்தில் ஆண் இருந்தால் காய் பெருக்கும்.

பூவே வராத வருடங்களுக்குக் காரணம் பெரும்பாலும் கத்தரிக்கோல்தான். போன வருடக் கிளையிலிருந்து இந்த வருடம் எழும் தளிரில்தான் பூ வரும். வேலியைச் சமன் செய்வதுபோலச் சுற்றிவர வெட்டினால் பூவையே வெட்டுகிறீர்கள். வெட்டாமல் விட்டாலோ உள்ளே வெளிச்சம் போகாது. பனிக்காலக் கடைசியில், சாறு ஏறுமுன், பழைய மரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிடுங்கள். ஒரு வருடக் கிளைகளை 20–30 சென்ரிமீற்றர் இடைவெளியில் விடுங்கள். பிந்தி வெட்டினால் வெட்டுவாயிலிருந்து சாறு வடிந்துகொண்டே இருக்கும். ஆண் கொடியைப் பூ முடிந்த பிறகு வெட்டுங்கள்.

வேலி இந்தக் கொடிக்குப் போதாது. 1.8 மீற்றர் உயரத்தில் குறுக்குச் சட்டம் வைத்த தூண்கள் நட்டு, மூன்று நான்கு கம்பி இழுத்துக் கட்டுங்கள். கொடிக்குக் கொடி 3 மீற்றராவது வேண்டும். ஒரே நேர்த் தண்டாக மேலே ஏற்றுங்கள். கம்பியைச் சுற்ற விடாதீர்கள், முறுகிய கொடியைப் பிறகு பிரித்து வெட்ட முடியாது.

உறக்கத்தில் இருக்கும்போது மைனஸ் 30 பாகையையும் தாங்கும் கொடி, துளிர்த்தபின் மைனஸ் 2 பாகையில் கருகிவிடும். அந்தத் தளிரோடு வருடத்தின் பூவும் போகிறது. மே மாத உறைபனி இரவுகளில் துணியால் மூடுங்கள். தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகும், மேடாக்கி நடுங்கள்.

கேள்வி: தங்கச்சி கனடாவிலிருந்து அந்தக் கிவிபெரித் தண்டு கொண்டுவருவதாகச் சொல்கிறாள். கிளிநொச்சியில் வருமா?

பதில்: வராது. இலையுதிர்ந்து, உறைநிலையை ஒட்டிய குளிரில் பல வாரம் உறங்கினால்தான் அதன் அரும்பு ஒழுங்காக விழிக்கும். வன்னியில் மார்கழி, தை இரவுகள்கூட அதற்கு வெக்கைதான். அனுமதியில்லாமல் தண்டு கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் மாறானது. அதோடு நோயும் வந்துசேரலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பந்தலுக்குக் கொடித்தோடை (பாஷன் புருட்) வையுங்கள்.

கேள்வி: மாங்குளத்தில் மஞ்சள் கொடித்தோடை ஒன்று பந்தல் நிறையப் பூக்கிறது. பூ அப்படியே உதிர்கிறது.

பதில்: ஒன்று என்பதுதான் பிரச்சினை. மஞ்சள் இனம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதே கொடியின் தண்டை வெட்டி நட்டாலும் பயனில்லை. வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி வேண்டும். 60 சென்ரிமீற்றர் நீள அகல ஆழத்தில் குழி வெட்டி, மேல்மண்ணோடு ஒரு கூடை மக்கிய மாட்டெரு கலந்து நிரப்பி, மாரி தொடங்கும்போது 3 மீற்றர் தள்ளி நடுங்கள்.

பூ நண்பகலை ஒட்டி விரிந்து இரவுக்குள் மூடிவிடும். மகரந்தம் சேர்ப்பது பெரிய கருவண்டு, அதாவது மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீ. அது குடியிருக்கக் காய்ந்த முருங்கைக் கட்டை ஒன்றைப் பந்தலில் கட்டிவிடுங்கள். மருந்து அடிக்கத்தான் வேண்டுமென்றால் பூ மூடியபின் இருட்டில் அடியுங்கள். வண்டு வராவிட்டால் பிற்பகலில் ஒரு கொடியின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு, மற்றக் கொடிப் பூவின் உச்சியிலுள்ள மூன்று குமிழ்களிலும் தடவுங்கள். அவை கீழே வளைந்த பூக்களைத் தேர்ந்தெடுங்கள். நிமிர்ந்து நிற்பவை காய்க்காது. மழை மகரந்தத்தைக் கெடுத்துவிடும் என்பதால் வானம் வெளித்த நாளாகப் பாருங்கள்.