மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 2005 மாடல் மாருதி 800. தினமும் எடுத்தால் தொந்தரவில்லை. இரண்டு நாள் நிறுத்திவிட்டால் மூன்றாம் நாள் காலை செல்ஃப் 'கட கட' என்பதோடு சரி. தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். ஒன்றரை வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மெக்கானிக் மறுபடியும் பேட்டரி மாற்றத்தான் சொல்கிறார். மாற்றலாமா?
– சேலம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓட்டினால் தாங்குகிறது, நிறுத்தினால் இறங்குகிறது என்றால், சாவியை எடுத்த பிறகும் வண்டியில் ஏதோ ஒன்று கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இதே வழியில் போகும். லெட்-ஆசிட் பேட்டரி அடிக்கடி முழுக்க இறங்கினால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

பேட்டரியைத் தனியாகச் சோதித்துவிடுங்கள். வெளியே முழு சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி இரண்டு இரவு விடுங்கள். 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் பேட்டரி நல்லது, கரண்ட் கசிவு வண்டியில்தான். கழற்றி வைத்தும் 12.2-க்கு இறங்கினால் உள்ளே ஒரு செல் போயிருக்கலாம்.

அடுத்தது கசிவை அளப்பது. சாதாரண மல்டிமீட்டர் போதும். சிவப்பு வயரை 10 ஆம்ப் துளையில் செருகுங்கள். சாவியை எடுத்து, கதவுகளை மூடி, கழற்றிய நெகட்டிவ் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது. மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும். 15 நிமிடம் கழித்துப் படியுங்கள். 0.05 ஆம்ப்புக்குள் இருந்தால் சரி. 0.4 ஆம்ப் காட்டுகிறது என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 9.6 ஆம்ப்-அவர். உங்கள் பேட்டரி 35 ஆம்ப்-அவர் என்றால் இரண்டே நாளில் பாதிக்கு மேல் காலி. நீங்கள் சொல்லும் மூன்றாம் நாள் காலைக்கு அந்தக் கணக்கு பொருந்துகிறது.

இனி மீட்டரைப் பார்த்தபடியே ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று 0.03-க்கு விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். இந்த வயது வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஸ்டீரியோ. அதன் மஞ்சள் வயருக்கு எப்போதும் கரண்ட் வேண்டும், சிவப்பு வயருக்குச் சாவி போட்டால் மட்டும். பொருத்துபவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் செட் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். சிவப்பைப் பிரித்து சாவி லைனில் கொடுத்தால் முடிந்தது. அடுத்து சென்ட்ரல் லாக், அலாரம், ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்).

எல்லா ஃபியூஸையும் எடுத்தும் எண் அசையவில்லையா? என்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைப் பாருங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன் அதன் பின்பக்கத்தைத் தொடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிகிறது. உறுதிசெய்ய, பேட்டரியைக் கழற்றிவிட்டு டைனமோவின் தடித்த வயரை அவிழ்த்து, முனையை டேப்பால் சுற்றி, மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்தால் டையோடு பிளேட்டை மட்டும் மாற்றக் கேளுங்கள். முழு டைனமோ வாங்க அவசியமில்லை.

கசிவே இல்லையென்றால் சார்ஜிங்கைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். ஹெட்லைட் போட்டாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. போனால் பெல்ட் தளர்வு, எர்த் வயர் துரு, கார்பன் பிரஷ் தேய்மானம் என்ற வரிசையில் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

கேள்வி: என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி நிற்கவில்லையென்றால் டைனமோ நல்லது என்கிறார்களே?
– தேனி வாசகர்

பதில்: செய்யவே செய்யாதீர்கள். அந்தப் பழக்கம் பழைய டி.சி. டைனமோ காலத்தது. நாம் இன்று டைனமோ என்று அழைப்பது ஆல்டர்னேட்டரை. பேட்டரி இல்லாத நொடியில் வோல்டேஜ் பல மடங்கு எகிறி டையோடு, ஸ்டீரியோ, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் வரை எரிந்துபோகலாம். மேலே சொன்ன வோல்ட் அளவே அதே சோதனையை ஆபத்தில்லாமல் செய்துகொடுக்கும்.